சித்தம் கலங்கினார்க்குப் பாட்டுத் துணையாகுமோ?

உடலில் நோய் கண்டால் மருத்துவரை நாடுகின்றோம். உள்ளத்தில் நோய் கண்டாலோ ஊரறியாது மறைக்கின்றோம். அவ்வாறு மறைக்கப்பட்டாரின் துயரைக் கவிதை தணிக்குமோ என வினவின், மருந்தின்றி வாடுவார்க்குப் பாட்டு எதற்கு என்று நகைப்பாரும் உளர். இவ்வினாவுக்கு விடையைத் திரிபிடகத்தினின்றே ஆராய்வோம்.

குத்தக நிகாயத்தில் தேரிகாதை என்றொரு நூல் உளது. பிக்குணியர் பெயரால் வழங்கும் 73 பாடல்கள் அதன்கண் உள்ளன. பாடியோருள் சிலர் ஒருகாலத்தில் சித்தம் கலங்கித் தெருவில் திரிந்தவர் என்பது சிந்திக்கற்பாலது. அவர்தம் வரலாறுகளை ஆசாரிய தருமபாலர் தமது உரையில் விரித்துரைத்துள்ளார்.

சாவத்தி நகரத்துப் படாசாரையை நோக்குவோம். பிள்ளைப்பேற்றிற்குத் தாய்வீடு செல்லும் வழியில், புயலிரவில் அவள் கணவன் அரவு தீண்டி மாண்டான். மறுநாள் ஆற்றைக் கடக்கையில் பச்சிளங் குழவியைப் பருந்து கவர்ந்தது. மூத்த மகனை வெள்ளம் கொண்டது. பெற்றோரும் உடன்பிறந்தானும் வீடு இடிந்து இறந்து ஒரே சிதையில் எரிகின்றனர் என்னும் செய்தியும் செவியில் விழுந்தது. அவள் நினைவிழந்தாள், ஆடை நழுவியதும் அறியாள். ஊரார் பித்தி என இகழ்ந்து மண்ணாங்கட்டி எறிந்தனர்.

அவள் ஜேதவனத்தை அடைந்தபோது அங்கிருந்தோர் தடுத்தனர். பகவரோ தடுக்க வேண்டா என்றார். தங்கையென விளித்து, இழந்த நினைவை மீளப் பெறுமாறு அருளினார். அருகிருந்த ஒருவன் தன் மேலாடையை ஈந்தான். அதன் பின்னரே தருமம் உரைக்கப்பட்டது. இம்முறைமையை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். முதலில் உறவுச் சொல், அடுத்து ஆடை, பிறகு உபதேசம். பாட்டோ, நெடுநாள் கழித்து அவள் வாயினின்றே பிறந்தது.

அப்பாட்டில் அரவும் இல்லை, பருந்தும் இல்லை. கால் கழுவிய நீர் பள்ளம் நோக்கி ஓடுவதையும், விளக்கு அணைவதையுமே அவள் பாடுகின்றாள். மகனைக் கொண்டுபோன நீரை அஞ்சாது நோக்கும் அமைதி அவளுக்கு வாய்த்தது.

மகனை இழந்த வாசிட்டியோ, மூன்றாண்டு தலைவிரி கோலமாய்க் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் அலைந்ததை நாணாது பாடுகின்றாள். சீகா என்பாள் துறவு பூண்ட பின்னும் 7 ஆண்டுகள் மனவமைதி காணாது வாடியதையும், உயிரை விடத் துணிந்து மீண்டதையும் மறைத்தாளில்லை.

ஆகவே, பாட்டினால் ஆவது யாது? உள்ளம் நொந்தார்க்கு நோயினும் கொடியது தனிமை. தம் துயரைச் சொல்லச் சொல்லில்லை; சொன்னாலும் கேட்பாரில்லை. அத்தகையார் இப்பாடல்களைக் கேட்குங்கால், தமக்கு முன்னரும் ஒருத்தி இவ்விருளில் நடந்து மீண்டாள் எனத் தெளிவர். உடன் கேட்கும் சுற்றத்தாரும் தம் கையிலுள்ள மண்ணாங்கட்டியைக் கீழே போடுவர். படாசாரையே பிற்காலத்தில் மக்களை இழந்த தாயர் பலர்க்குப் புகலிடமானாள் அன்றோ?

ஆயினும் பாட்டு மருந்துக்கு ஈடாகாது. நோயுற்ற பிக்குகள் மருந்து கொள்ளப் பகவரே இசைந்தார். நோயுற்ற பிக்கு ஒருவரைத் தம் கையாலேயே தூய்மை செய்தார். சித்தம் கலங்கிய பிக்கு செய்த பிழையை வினயமும் குற்றமாகக் கொள்ளவில்லை. நாமோ என் செய்தோம்? 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்திருந்த விடுதியில் தீப்பற்ற, 28 உயிர்கள் மாண்டன. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முற்றும் விலக்கியுள்ளது. மருத்துவம் பெறுதலை உரிமையாக்கியுள்ளது. 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே அரசின் மனநல ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கின்றது.

எனவே அன்பர்காள்! நம் இல்லத்திலோ அண்டையிலோ சித்தம் கலங்கினார் உளராயின், முதற்கண் உறவு சொல்லி அழைப்போம். உணவும் உடையும் அளிப்போம். மருத்துவரிடம் உடன் செல்வோம். பின்னர் அருகமர்ந்து ஒரு பாட்டைப் படித்துக் காட்டுவோம். அவர் தம் பாட்டைத் தாமே பாடும் நாள் வருமாயின், இடைமறியாது கேட்போம். அப்பொறுமையும் தானமே.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி வாழ்க!