விதைக்கு விட்ட காய்



வைகாசி கழிந்து ஆனி பிறந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கொல்லையைச் சற்று எட்டிப் பாருங்கள். கத்தரிச் செடி கிழடாகி, காய்கள் சிறுத்துச் சொத்தையாகின்றன. வெண்டை நாராகிவிட்டது. பீர்க்கங்கொடியின் இலைகள் பழுத்துத் தொங்குகின்றன. ஆனால் பந்தலின் நடுவே ஒரே ஒரு காய் மட்டும் பறிக்கப்படாமல், தோல் பழுப்பேறிக் காய்ந்துகொண்டிருக்கிறது. அது விதைக்கு விட்ட காய்.

நான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, என் தாயார் அப்படி ஒரு பிஞ்சின் காம்பில் சிவப்புத் துணி கட்டிவைத்தார்கள். கொடியிலேயே அதுதான் நன்றாய்த் திரண்டது. கறிக்கு ஒன்றுமில்லாத ஒரு நாள், நான் அதைப் பறித்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா அடிக்கவில்லை, சமைத்துப் போட்டார்கள். ஆடி வந்தது, விதை இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவர என்னையே அனுப்பினார்கள். அந்த வீட்டு ஆச்சி சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து, சாம்பலோடு ஐந்தாறு விதைகளை என் கையில் கொட்டியபோது ஒன்று விளங்கிற்று: இனி நாங்கள் உண்ணப்போவது, அவர்கள் உண்ணாமல் விட்ட காய்.

நல்ல காயைத் தின்னாமல் விடுவது வெறும் சிக்கனமா, அல்லது கடமையா? முன்யோசனையை விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு பாகமாகவே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் வகுத்தார். இதில் நீதியும் அடங்கியிருக்கிறது என்பேன். இன்று நம் பந்தலில் படரும் கொடி, யாரோ தம் வாயைக் கட்டியதால் வந்தது. ஆகவே விதைக்கு விடுவது தானமல்ல. பட்ட கடனைத் தீர்ப்பது. அந்தக் கடனைச் சொத்தைக் காயால் அடைக்கலாகாது. மிஞ்சியதை அல்ல, சிறந்ததையே விடவேண்டும்.

“பசித்தவன் வாசலில் நிற்கும்போதும் விதையைப் பூட்டி வைக்கலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை, ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டிருந்தன. லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். அந்நகரில், வவீலோவ் என்னும் அறிஞர் பல தேசங்களிலிருந்து திரட்டிய விதைகளின் களஞ்சியம் இருந்தது. அதைக் காத்தவர்களில் சிலர், விதைகளின் நடுவிலேயே பசியால் உயிர்விட்டனர். நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவானோவ் அவர்களுள் ஒருவர்.

அவர்கள் செய்தது சரியா? நகரமே பட்டினி கிடந்த வேளையைப் பற்றி இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: அவர்கள் அந்த விதைக்குரிய விலையைத் தங்கள் உயிராலேயே கொடுத்தார்கள். தான் வயிறாரத் தின்றுவிட்டு, “இது நாளைக்கு” என்று பசித்தவனுக்குக் கதவடைப்பவனோ, அந்த விலையைப் பிறர் வயிற்றிலிருந்து பறிக்கிறான். அது விவேகமல்ல, உலோபம். விதைக்காயின் விலையை நம் வாய்தான் கொடுக்கவேண்டும்.

ஆகையால் இந்த வாரம் கொல்லைக்குப் போங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் காயை எடுத்து வைக்கவேண்டாம். அதன் பிள்ளை தாயைப்போல் வராது. நாட்டுக் காயில் நல்லதொன்றைக் கொடியிலேயே உலரவிடுங்கள். குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும். வேண்டியதை வைத்துக்கொண்டு, மற்றதைக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள். வருகிறவன், துணி கட்டிய காயைப் பறித்துத் தின்ற பையனாயிருந்தாலும் கொடுங்கள்.