இரண்டு பஸ் தூரம்

முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கடலையும் மழைக்காட்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்குத்தான் போக வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைகள் மதுரை செல்லூரிலும் இருக்கிறார்கள். ஏங்கட்டும், தப்பில்லை. ஆனால் வீட்டிலிருந்து மாட்டுத்தாவணி போனால் ராமேஸ்வரம் பஸ்; வைகையைத் தாண்டி ஆரப்பாளையம் போனால் பொள்ளாச்சி பஸ்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடா. 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆன இடம். கடற்புல் மேயும் கடல் பசு அங்கே உண்டு. கண்ணில் படுமா என்றால், அதற்குக் கொடுப்பினை வேண்டும்.

மலைப் பக்கம் அப்படியில்லை. பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை சேர்ந்தால், புதுத்தோட்டத்தில் சாலையோரமே சிங்கவால் குரங்கு உட்கார்ந்திருக்கும். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. மரத்தைவிட்டு அதிகம் இறங்காத பிராணி. தேயிலைக்காகக் காட்டைத் துண்டு போட்டதால் ரோட்டுக்கு வந்துவிட்டது. அது வண்டியில் அடிபடாமல் கடக்கட்டும் என்று சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாலத்துக்குக் கீழே காரை நிறுத்தி வாழைப்பழம் நீட்டுகிறவர்களை என்ன சொல்ல! போகிறவர்கள் தயவுசெய்து பையைத் திறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.