கூரத்துச் செப்பேடும் திரும்பிப் பாராமையும்

பொருளைப் பல்லாண்டுக் காலம் தொடாமல் காக்கும் வைராக்கியம் லோபமா, தியாகமா என்னும் கேள்விக்கு, காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் இரண்டு விடைகள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் வழங்கிய கூரம் செப்பேடு, பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்காகப் பிரித்து, அவற்றுள் ஒன்றை மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒதுக்கியதோடு, பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிக்கிறது. நிலம் அழியாத முதல். அதன் விளைவு மட்டுமே செலவுக்குரியது. உத்தம சோழன் காலத்தில் காஞ்சி ஊரகத்துக் கோயிற் பொன்னை நெசவாளர் குடியிருப்புகளில் வட்டிக்கு வைத்ததும் இவ்வழியே.

சஞ்சலமே இயல்பாகிய மனம், பொருளின் விலை ஏறும்போது ஆசையாலும் இறங்கும்போது அச்சத்தாலும் முதற்பொருளில் கைவைக்கத் துடிக்கும் என்பதை அறிந்தே, முடிவை அந்தந்த நாளின் மனத்திடம் விடாமல் முன்னோர் செம்பில் பொறித்தார்கள். சம்பளநாளிலேயே வங்கி பிடித்துக்கொள்ளும் மாதச் சேமிப்பும், சற்றே எளிய உருவில், அதுவே.

இதே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானோ, பெருஞ்செல்வத்தைத் துறந்து வைணவ ஆசாரியர் இராமாநுசரை நாடித் திருவரங்கம் சென்று, உஞ்சவிருத்தியால், அதாவது பிச்சையேற்று, வாழ்ந்தார் என்று வைணவக் குருபரம்பரை வரலாறு கூறுகிறது. அதைச் சேமிப்புக்கு எதிர்வாதமாகக் கொள்வார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. கொடுத்ததை மீண்டும் எண்ணிப் பாராத நெஞ்சம் மன்னனுக்கும் ஆழ்வானுக்கும் பொதுவாகவே இருந்தது.