இரண்டு பேரை விட்டுவிட்டு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்லவன் கஷ்டப்பட்டால் கடைசி அத்தியாயத்திலாவது அவனுக்கு ஏதாவது கொடுத்துவிடக் கை பரபரக்கும். வாழ்க்கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் என் மனத்தில் வந்து நிற்கிறது.

கலிபோர்னியாவில் இயேசு சபைப் பாதிரிமார்கள் நிறுவிய ஸான்பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலை இருக்கிறது. 1951-ஆம் ஆண்டில் அதன் கால்பந்துக் கோஷ்டி ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் ஜயித்தது. அதில் ஆடியவர்களில் மூவர் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள் என்றால் அதன் பலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

கால்பந்து என்றதும் நம் ஊர் ஆட்டத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஒருவன் ஓடுவான், அவனை வீழ்த்த வருகிறவர்களை மற்றவர்கள் தங்கள் உடம்பால் மறித்து வழி உண்டாக்குவார்கள். இந்தக் கோஷ்டியின் ஓட்டக்காரர் ஆலி மாட்ஸன் அந்த ஆண்டு 1,566 கஜம் ஓடி, கல்லூரி ஆட்டக்காரர்களில் நாட்டிலேயே முதல்வராக நின்றார். பத்திரிகையில் வந்தது அவர் பெயர். ஒவ்வொரு கஜத்திலும் வேறு யாருடைய தோள்வலியோ இருந்தது.

மாட்ஸனும், பர்ல் டோலர் என்ற மற்றொரு சிறந்த ஆட்டக்காரரும் கறுப்பு இனத்தவர்கள்.

பருவம் முடிந்ததும் சிறந்த கோஷ்டிகளை அழைத்து நடத்தும் பெரிய பந்தயங்கள் அந்த நாட்டில் உண்டு. புகழும் பணமும் சேர்ந்து வரும். சர்வகலாசாலைக்கோ கால்பந்தால் ஏகப்பட்ட நஷ்டம். அந்தச் சமயத்தில் தென் மாநிலத்திலிருந்து சேதி வந்தது: அந்த இருவரையும் விட்டுவிட்டு வருவதானால் அழைப்பு உண்டு.

பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். பருவம் அதோடு முடிந்தது. நஷ்டத்தைத் தாங்க முடியாமல் சர்வகலாசாலை கோஷ்டியையே கலைத்துவிட்டது.

கணக்குப் பார்க்கிறவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். “இரண்டு பேருக்காக அத்தனை பேரும் இழப்பதா? பணம் வந்திருந்தால் கோஷ்டி பிழைத்திருக்கலாம். பின்னால் எத்தனை ஏழை மாணவர்கள், கறுப்பு மாணவர்களும்தான், அங்கே ஆடியிருப்பார்கள்?” இதை அற்பமான கேள்வி என்று நான் தள்ளமாட்டேன். பிழைப்புக்காக விட்டுக்கொடுப்பவர்களை எல்லாம் அயோக்கியர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த அழைப்பு எதற்காக வந்தது? ஒன்பது வெற்றிகளுக்காக. அந்த வெற்றிகளில் மாட்ஸனின் கால்களும் டோலரின் தோள்களும் இருந்தன. அவர்களை நிறுத்திவிட்டு அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டு புறப்படுவது, கூட்டாகச் சம்பாதித்ததைச் சிலர் மட்டும் செலவழிப்பதாகும்.

அந்த இருவருமே, “நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லியிருந்தால்? சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்த்து நிற்பது வேறு விஷயம். தானாகக் கொடுத்தால் தானம். நெருக்கி வாங்கினால் அது வரி. எப்போதும் ஒரே சாராரிடம் வாங்குகிற வரி.

அந்த மறுப்பினால் தெற்கே ஒரு கதவும் திறக்கவில்லை. அப்படியானால் அது சாதித்தது என்ன? அந்நியன் கதவைச் சாத்தினால் அது அவமானம். கூட இருந்தவன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கதவு சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த அவமானத்தில் அவன் கையெழுத்தும் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அது சிறிய காரியமா?

1952-இல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக் போட்டியில் மாட்ஸன் இரண்டு பதக்கங்கள் வாங்கினார். டோலருக்கு அதே ஆண்டு முழங்காலில் பலத்த அடி. தொழில்முறை ஆட்டக்காரராகும் வாய்ப்புப் போயிற்று. அவர் ஆசிரியரானார். 1965-இல் தொழில்முறைக் கால்பந்து சங்கத்தின் முதல் கறுப்பு நடுவராகவும் மைதானத்தில் இறங்கினார். 2006-இல் அந்தச் சர்வகலாசாலை, கோஷ்டியில் உயிரோடு இருந்தவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

இங்கே ‘தர்மம் வென்றது’ என்று எழுதி முடித்துவிடலாம். கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் பட்டம் வருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். அது வராமலே போயிருந்தால், அன்று செய்தது தவறாகிவிடுமா? பின்னால் பரிசு வருமென்று தெரிந்து செய்வதற்குத் துணிவு எதற்கு?

நம்மில் பலருக்குப் பந்தயத்திலிருந்து அழைப்பு வராது. ஆனால் உத்தியோகத்திலும், குடும்பத்திலும், சிநேகத்திலும் அதே அழைப்பு சின்னச் சின்ன எழுத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது: “அவரை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்.” கூலி உடனே கிடைக்கும். மறுத்தால் ஒன்றும் கிடைக்காது. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

விட்டுவிடச் சொன்ன அந்த ஒருவர் மட்டும் கவனிப்பார்.