தாங்க முடியலன்னு சொன்னா முருகன் கோபிப்பானா?

ஓம் சரவணபவ.



இன்னைக்கு எனக்கு 38-வது வாரம். திருச்சி உறையூர்ல அம்மா வீட்டு மொட்டை மாடிக்கு மெதுவா ஏறி வந்து உட்கார்ந்து இதை டைப் பண்றேன். எதிர்ல மலைக்கோட்டை தெரியுது. வளைகாப்பு முடிஞ்சு சென்னையிலேர்ந்து இங்க வந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. அவருக்கு ஆபீஸ் அங்கேயே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்துட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவார்.

கடைசி மாசம் எப்படி இருக்கும்னு யாரும் முழுசா சொல்ல மாட்டாங்க. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் இடுப்பு வலி. ராத்திரி அஞ்சு தடவை பாத்ரூம். ரெண்டு இட்லி சாப்பிட்டா நெஞ்செரிச்சல். பாதம் வீங்கி பழைய செருப்பு காலுக்கு ஏறலை. இதுக்கு நடுவுல தினமும் யாராவது போன் பண்ணி, "இன்னும் ஆகலையா?"ன்னு ஒரு கேள்வி. நானா வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றேன்!

ஆனா இன்னைக்கு எழுத வந்தது இந்தக் கஷ்டத்தைப் பத்தி இல்லை. மூணு வாரத்துக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி. பக்தின்னு நினைச்சு பண்ணின தப்பு.

அன்னைக்கு வளர்பிறை சஷ்டி. அஞ்சு வருஷமா மாசாமாசம் சஷ்டி விரதம் இருக்கேன். இந்த மாசம் வேண்டாம்டின்னு அம்மா சொன்னாங்க. "பால், பழம் சாப்பிட்டுக்கறேம்மா"ன்னு சொல்லிட்டு, சாயங்காலம் வரைக்கும் அரை டம்ளர் பாலோட இருந்தேன். அது முதல் பொய்.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்தேன். வழக்கமா நான் படுத்த உடனே பாப்பா உள்ள ஆட்டம் ஆரம்பிச்சிடும். அன்னைக்கு ஒண்ணும் இல்லை. தண்ணி குடிச்சேன், இடது பக்கம் திரும்பிப் படுத்தேன், வயித்துல கை வெச்சுக்கிட்டே காத்திருந்தேன். ஏதோ லேசா ஒரு அசைவு. அது பாப்பாவா, என் பயமான்னு கூடத் தெரியலை. "கடைசி மாசத்துல உள்ள இடம் இருக்காது, அசைவு குறையத்தான் செய்யும்"னு ஒரு சித்தி எப்பவோ சொன்னது ஞாபகம் வந்தது. அதையே பிடிச்சுக்கிட்டேன்.

எழுந்து பூஜை ரூமுக்குப் போய் கந்த சஷ்டி கவசம் சொன்னேன். முடிச்சேன். மறுபடியும் ஆரம்பிச்சேன். பக்கத்து ரூம்லதான் அம்மா தூங்கறாங்க. ஏன் எழுப்பலை? விரதம் இருந்ததுக்குத் திட்டுவாங்கன்னு ஒரு பயம். ஆனா நிஜமான காரணம் வேற. என் போன் வால்பேப்பர்லயே "யாமிருக்க பயமேன்"னு இருக்கு. நானே இங்க எத்தனையோ தடவை, முருகனை நம்பினவங்க பயப்படக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். இப்ப பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினா என் நம்பிக்கை பொய்யா? அந்தக் கேள்விதான் என்னை அந்த இடத்துலயே உட்கார வெச்சுது.

மூணாவது தடவை சொல்றப்ப, தொப்புளைக் காக்கச் சொல்லி வேலை வேண்டுற இடம் வந்தது. தொண்டை அடைச்சு குரலே வரலை. அப்பதான் உறைச்சுது. வேல் வந்து காக்கணும்னு கேக்கறேன், ஆனா அது வர்ற கதவை நானே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கேன்.

ஓடிப்போய் எழுப்பினேன். "அம்மா, பாப்பா அசையலம்மா."

அம்மா ஒரு வார்த்தை கேக்கலை. தலைமுடியை முடிஞ்சுக்கிட்டு, ஸ்கேன் ஃபைலை எடுத்துக்கிட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினாங்க. இருபது நிமிஷத்துல ஆஸ்பத்திரியில இருந்தோம். சிஸ்டர் என் வயித்தைச் சுத்தி ரெண்டு பெல்ட் கட்டினாங்க. முதல்ல வெறும் கரகர சத்தம்தான். அந்தச் சில நொடிகள்ல எனக்கு எந்த மந்திரமும் ஞாபகம் வரலை, "முருகா"ன்னு மட்டும்தான். அப்புறம் கேட்டுது, குதிரை ஓடற மாதிரி டக்டக் டக்டக்னு. அம்மா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க.

கிராஃப் பார்த்தாங்க, ஸ்கேன் பண்ணினாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம்தான் சிஸ்டர் கேட்டாங்க, "எப்பலேர்ந்தும்மா அசைவு தெரியலை?"

"பத்து மணிலேர்ந்து சிஸ்டர்."

சுவர்க் கடிகாரத்துல ஒண்ணரை. "இவ்வளவு நேரம் வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தே?"

"சாமி கும்பிட்டேன்."

அவங்க திட்டலை. பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க. "கும்பிட்டுக்கிட்டே வந்திருக்கலாமே."

சுவாமிமலையில பிள்ளை வாயிலிருந்து அப்பனுக்கு உபதேசம் வந்தது. உபதேசம் யார் வாயிலிருந்து வேணும்னாலும் வரும். எனக்கு அன்னைக்கு நைட் டியூட்டி சிஸ்டர் வாயிலிருந்து வந்தது.

அதுக்கப்புறம் நம்ம முருகனோட பிறப்புக் கதையைத் திரும்ப யோசிச்சுப் பார்த்தேன். சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச கதைதான். ஆனா வயித்துல ஒரு பிள்ளையோட கேக்கறப்ப அது வேற கதையா இருக்கு.

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் சொல்கிறார். சிவபெருமானின் நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறிகள் தோன்றுகின்றன. அவற்றை வாயுவும் அக்கினியும் சுமக்கிறார்கள். வெப்பம் தாங்க முடியவில்லை. கங்கையிடம் சேர்க்கிறார்கள். கங்கைக்கும் தாங்க முடியவில்லை. அவள் கொண்டுபோய்ச் சரவணப் பொய்கையில் சேர்க்கிறாள். அங்கே தாமரைகளின் மேல் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்க்கிறார்கள். கடைசியில் பார்வதி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகன் ஆகிறான்.

இதுல கவனிங்க. வாயு, அக்கினி, கங்கை. இவங்கள்ல யாராவது பலவீனமானவங்களா? மரத்தையே பிடுங்கிப் போடற காத்து, எதையும் எரிக்கிற நெருப்பு, கரையை உடைக்கிற ஆறு. அவங்களாலேயே ஒரு தூரத்துக்கு மேல தாங்க முடியலை. முடிஞ்ச தூரம் சுமந்தாங்க, முடியாத இடத்துல அடுத்த கைக்கு மாத்தினாங்க. அதுக்காக சிவன் யாரையும் சபிக்கலை.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஆன்-கால்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா தெரிஞ்சதைப் பண்றோம். முடியலைன்னா அடுத்த லெவலுக்கு எஸ்கலேட் பண்றோம். அதை யாரும் தோல்வின்னு சொல்றதில்லை. சொல்லாம மறைச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாதான் மறுநாள் கேள்வி வரும்.

இன்னொண்ணு. அவனோட பேர்களைப் பாருங்க. கங்கை சுமந்ததால காங்கேயன். கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால கார்த்திகேயன். பொய்கையில தோன்றியதால சரவணபவன். கங்கை கடைசி வரைக்கும் சுமக்கலை, தாங்க முடியாம இறக்கி வெச்சவதான். ஆனா அவ பேரைத்தான் முருகன் தன் பேரா வெச்சுக்கிட்டு நிக்கிறான். தாங்க முடியலைன்னு சொன்னவளை அவன் தள்ளி வைக்கலை. அம்மான்னு ஏத்துக்கிட்டான்.

சங்க இலக்கியமான பரிபாடலில் கடுவன் இளவெயினனார் பாடிய ஐந்தாம் பாடலில் இந்தக் கதை வேறு விதமாக வருகிறது. அங்கே அருந்ததியைத் தவிர மற்ற ஆறு முனிவர்களின் மனைவியர் கருவைத் தாங்கி, இமயத்துச் சரவணப் பொய்கையில் பெற்றெடுக்கிறார்கள். எந்த வழியில கேட்டாலும், முருகனை ஒரே ஒருத்தி தனியா சுமந்ததா கதை இல்லை.

எதிர்ல தெரியுதே மலைக்கோட்டை, அங்க இருக்கற தாயுமானவர் யாரு? நம்ம முருகனோட அப்பாதான். ரத்னாவதிங்கற பொண்ணுக்குப் பிரசவ நேரம். அவ அம்மா வந்துக்கிட்டிருக்காங்க. காவிரியில வெள்ளம், கடக்க முடியலை. இங்க இவ வலியில துடிக்கிறா. சிவபெருமான் என்ன பண்ணியிருக்கலாம்? வெள்ளத்தை வத்த வெச்சிருக்கலாம். வலியே இல்லாம பண்ணியிருக்கலாம். அதெல்லாம் பண்ணலை. அந்த அம்மா ரூபத்துலயே வந்து பக்கத்துல உட்கார்ந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வந்து சேர்றவரைக்கும் கூடவே இருந்தார்னு தலபுராணம் சொல்லுது.

பிரசவத்துக்கு உதவ நினைச்சப்ப கடவுளே ரெண்டு கையோட, புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கார். அப்ப எனக்கு மட்டும் ஏன் அசரீரியா வரணும்? அவன் அம்மாவா வந்தான், கார் எடுத்த அண்ணனா வந்தான், சிஸ்டரா வந்தான். நான்தான் மூணு மணி நேரம் படத்தை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதனால, என்னை மாதிரி நாள் எண்ணிக்கிட்டிருக்கற அக்கா தங்கச்சிங்களுக்கு, டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சில விஷயங்கள்:

கடைசி மாசத்துல அசைவு குறையும்ங்கறது தப்பு. அசையற விதம் மாறலாம், ஆனா பிரசவம் வரைக்கும் அசைவு இருக்கணும். உங்க பாப்பாவோட வழக்கத்தை விட குறைஞ்சதா தோணினா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் உடைஞ்சாலோ, கடுமையான தலைவலி, கண் மங்கறது, முகமும் கையும் திடீர்னு வீங்கறது, காய்ச்சல், இதெல்லாம் வந்தாலோ உடனே கிளம்புங்க. வண்டி இல்லைன்னா 108.

இந்த மாசத்துல பட்டினி விரதம் வேண்டாம். வேளைக்குச் சாப்பிட்டு, கோபத்தையும் வம்பையும் குறைச்சா அதுவும் விரதம்தான். விரதத்துக்கு முருகன் அடுத்த வருஷமும் இருப்பான்.

பையை இப்பவே எடுத்து வைங்க. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, ஆதார், பிக்மி எண், முன்பக்கம் திறக்கற நைட்டி, பாப்பாவுக்குத் துவைச்ச பழைய பருத்தி வேட்டித் துணி. அதோட, ராத்திரி எந்த நேரமும் போன் எடுக்கற மூணு பேரோட நம்பர்.

பிரசவ அறையில கூட யார் இருக்கணும்னு முன்னாடியே கேட்டு வைங்க. பெண் தனக்குப் பிடிச்ச ஒருத்தரைத் துணைக்கு வெச்சுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. தாயுமானவர் கதையும் அதைத்தானே சொல்லுது?

டியூ டேட் வந்துடுச்சே, இன்னும் வலி வரலையேன்னு பதறாதீங்க. சரியா அந்தத் தேதியிலயே பிறக்கற குழந்தைங்க ரொம்பக் கம்மி. கடைசியில ஆபரேஷன்னு ஆனாலும் குத்த உணர்ச்சி வேண்டாம். நாம தினமும் கும்பிடறதும் கூரான வேலைத்தானே.

அண்ணன் தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்ல ஒரு பொண்ணு "பயமா இருக்கு"ன்னு சொன்னா, "முருகன் பார்த்துப்பான்"னு உடனே சொல்லி முடிச்சிடாதீங்க. முதல்ல என்ன பயம்னு கேளுங்க. கேட்டுட்டுச் சொன்னா அது ஆறுதல். கேக்காமலே சொன்னா அவ அதுக்கப்புறம் வாயைத் திறக்க மாட்டா. நான் திறக்கலை.

என் கதை அன்னைக்கு ராத்திரி நல்லபடியா முடிஞ்சுது. அப்படி முடியாத அக்காக்களும் இதைப் படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பக்தி குறைஞ்சதால அது நடக்கலை. யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க. உங்களுக்காகவும் இன்னைக்கு விளக்கு ஏத்தியிருக்கேன்.

இப்பவும் பயம் போகலை. ஆனா பிரார்த்தனை மாறிடுச்சு. முன்னாடி "முருகா, பயமே இல்லாம வை"ன்னு கேப்பேன். இப்ப கேக்கறது இதுதான்:

முருகா, என்னால முடிஞ்ச தூரம் நான் சுமக்கறேன். முடியாத இடத்துல ஒரு கையை அனுப்பு. அது உன் கைதான்னு தெரிஞ்சுக்கற புத்தியையும் சேர்த்துக் கொடு.

உங்க வீட்லயோ தெருவுலயோ யாராவது நிறைமாசமா இருந்தா இதை அனுப்புங்க. அனுப்பிட்டு ஒரு போனும் பண்ணுங்க. "இன்னும் ஆகலையா"ன்னு கேக்காதீங்க. "ராத்திரி ஏதாவதுன்னா கூப்பிடு, நான் இருக்கேன்"னு சொல்லுங்க.

பாப்பா உதைக்குது. அம்மா கீழேர்ந்து சாப்பிடக் கூப்பிடறாங்க. இறங்கறேன், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!