இடும்பன் இறக்கி வச்ச மலையும் என் வீட்டு அலமாரியும்

ஓம் சரவணபவ.

இந்தக் கிருத்திகைக்கு இடும்பன் கதை எழுதறேன்னு போன மாசமே சொல்லியிருந்தேன். எழுத உக்காந்தா என் வீட்டு அலமாரிதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன், பொறுத்துக்கோங்க.

அலமாரியில இருக்கறது பழைய வீடியோ கேம்கள். மொத்தம் 64 கேசட், நாலு கேம் பெட்டி. சம்பளம் வந்த ஆறு வருஷமா ஒவ்வொண்ணாத் தேடி வாங்கினது. ஆனா ஆரம்பம் அதுக்கும் முன்னாடி. நான் மூணாவது படிக்கறப்ப அப்பா தீபாவளி போனஸ்ல ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தாரு. அப்பா பவர் டேபிள் டெய்லர், வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட். ஜப்பான்ல 1983ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் பெட்டியோட காப்பிதான் அதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நம்ம ஊர்ல வித்தது பெரும்பாலும் அந்த மாதிரி காப்பிதான். கூட வந்த கேசட்டுல "9999 இன் 1"னு போட்டிருக்கும். உள்ள என்னவோ கான்ட்ரா, மரியோ, வாத்து சுடறதுன்னு கொஞ்சம்தான், பேரை மட்டும் மாத்தி மாத்தித் திரும்ப அதுவே வரும். பிறவின்னு பெரியவங்க சொல்றது இதைத்தானோன்னு இப்பச் சிரிப்பா வருது!

விஷயத்துக்கு வரேன். ஏழு மாசமா எனக்கு வேலை இல்ல. கம்பெனியில ஆள் குறைச்சப்ப நானும் வெளிய வந்துட்டேன். வீட்டுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாம வந்துட்டே இருக்கு. இருந்த சேமிப்பு வைகாசியோட தீர்ந்துது. விக்கறதுக்குன்னு என்கிட்ட இருந்தது அலமாரி ஒண்ணுதான்.

விக்கறதா வேண்டாமான்னு ரெண்டு மாசம் ஓட்டினேன். அந்த நேரம் பாத்து எங்க மாமா வாட்ஸ்அப்ல ஒரு செய்தி அனுப்பினாரு. 2021 ஜூலையில அமெரிக்காவுல ஹெரிடேஜ் ஏலத்துல "சூப்பர் மரியோ 64" கேம் ஒண்ணு 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. "உன்னுதும் இப்படிப் போகுமா மாப்ள?"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், மாமா, அது பெட்டியே பிரிக்காதது. 1996ல வந்த கேம், இத்தனை வருஷத்துல அதை யாரும் ஒரு தடவை கூட விளையாடல, அதுக்குத்தான் அந்த விலை. என்னுது எல்லாம் விரல் பட்டுத் தேஞ்சது. அப்பா பக்கத்துல இருந்து கேட்டுட்டு, "பிரிக்காத பெட்டிக்கா இவ்வளவு காசு? அப்ப வாங்கினவன் என்னத்தக் கண்டான்?"னாரு.

அம்மாவுக்கு வேற யோசனை. "சிவன்மலைக்குப் போயி பூக் கேட்டுட்டு வா சாமி"ன்னாங்க. காங்கேயம் பக்கத்துல இருக்கற சிவன்மலை முருகனைத் தெரியாதவங்க இதைப் படிக்கறவங்கள்ல இருக்க மாட்டீங்க. அங்க ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கு. யாராவது ஒரு பக்தர் கனவுல சுவாமி வந்து ஒரு பொருளைச் சொல்வாரு. அவர் கோயிலுக்கு வந்து சொன்னதும், சுவாமி முன்னாடி வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வச்சுக் கேப்பாங்க. வெள்ளை வந்தா அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகும். அடுத்த கனவு வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கும். மண் இருந்திருக்கு, தண்ணி இருந்திருக்கு, மஞ்சள் இருந்திருக்கு.

போனேன். பெட்டி முன்னாடி நின்னப்ப ஒண்ணு தோணுச்சு. அந்தப் பெட்டியில இருக்கற பொருள் எதுவும் அங்கயே தங்கறதுக்கு வந்தது இல்ல. வந்த வேலை முடிஞ்சா எடுத்துடறாங்க. நான் என் அலமாரிக்கும் கண்ணாடிதான் போட்டிருக்கேன், தூசி தட்டறதுக்கு மட்டும்தான் திறக்கறேன். பூக் கேக்காமயே திரும்பிட்டேன். பதில் தெரிஞ்ச கேள்வியைச் சுவாமிகிட்டக் கேக்கறது, மேனேஜர் தலையில முடிவைத் தள்ளி விடற வேலை. அது எனக்கு நல்லாவே தெரிஞ்ச வேலைதான், அதனாலயே வேண்டாம்னு பட்டுச்சு.

இப்ப இடும்பன். கயிலையில இருந்து சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் தெக்க கொண்டு போகச் சொல்லி அகத்தியர் இடும்பனை அனுப்பறாரு. பிரம்ம தண்டம் காவடித் தண்டு, பாம்புகள் கயிறு. கூட மனைவி இடும்பி. திருவாவினன்குடி வந்ததும் களைச்சுப் போயி இறக்கி வைக்கறான். திரும்பத் தூக்கினா அசையல. மேல பாத்தா கோவணத்தோட, கையில தண்டோட ஒரு பையன் நிக்கறான். "இது என் மலை"ங்கறான். இடும்பனுக்குக் கோபம், சண்டை, விழுந்துடறான். இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்க, முருகன் உயிர் கொடுத்துத் தன் காவலனா வச்சுக்கறாரு. இன்னிக்கும் பழனியில படியேறறப்ப இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போறோம்.

இதைச் சொல்றவங்க பெரும்பாலும் இடும்பனோட அகங்காரம் அடங்கினதுன்னு முடிச்சுடுவாங்க. எனக்கு அது பாதிதான்னு படுது. இடும்பன் திருடன் இல்ல, குரு சொன்ன வேலையை ஒழுங்காச் செஞ்சவன். அவன் தப்பு ஒண்ணே ஒண்ணு. சுமந்து வந்ததுனாலயே அது தன்னோட பொறுப்புன்னு, தன்கிட்ட இருந்து யாரும் எடுக்கக் கூடாதுன்னு நினைச்சான். இன்னொண்ணும் பாருங்க. முருகன் ரெண்டு மலையையும் எடுத்துக்கல. ஒண்ணுல தான் நின்னாரு, பக்கத்துல இருக்கறது இடும்பன் பேர்லயே இடும்பன் மலையா நிக்குது. அதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன். அப்பா வாங்கித் தந்த டிவி கேம் வீட்டுல இருக்கட்டும், மத்தது எல்லாம் போகட்டும்.

ஆனா அதுக்கப்புறம்தான் நிஜமான சோதனை. ஈரோட்டுல இருந்து ஒருத்தர் மொத்த லாட்டையும் 85,000 ரூபாய்க்குக் கேட்டாரு. ஒவ்வொண்ணா வித்தா இன்னும் கூட வரும், ஆனா எட்டு மாசம் ஆகும், தவணை எட்டு மாசம் காத்திருக்காது. சரின்னுட்டேன். அவரோட பட்டியல்ல முதல் பேரு "போக்கிமான் எமரால்டு". அதை நான் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரிஜினல் விலை கொடுத்து வாங்கினேன். அனுப்பறதுக்கு முன்னாடி துடைக்கலாம்னு திருகு கழட்டினா, உள்ள போர்டுல இருக்க வேண்டிய நின்டெண்டோ பேரு இல்ல. சிப் இருக்க வேண்டிய இடத்துல கறுப்புப் பிசின் பொட்டு. டூப்ளிகேட்! பாத்தா இன்னும் நாலு கேசட் அப்படித்தான்.

உண்மையைச் சொல்றேன், ரெண்டு நாள் திருகை மூடி வச்சுட்டுச் சும்மா இருந்தேன். நானும் ஏமாந்துதானே வாங்கினேன், அவர் திறந்தா பாக்கப் போறாருன்னு மனசு வக்கீல் வேலை பாத்துச்சு. காலையில கந்த சஷ்டி கவசம் சொல்றேன், சாயங்காலம் இப்படி. மூணாம் நாள் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அம்மா இருபது வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்டது எங்க இருக்கோ அங்க அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறதுதான் வேலை. அவங்க சொன்னாங்க: "டேமேஜை மறைச்சு பேக்கிங்குக்கு விட்டா அந்த ஒரு பீஸ் திரும்பி வராது கண்ணு, லாட்டே திரும்பி வரும்." சொல்லிட்டு உள்ள போயி, பழைய டிபன் டப்பாவுல இருந்து மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க.

ராத்திரி பூரா நானும் அம்மாவும் செக்கிங் பண்ணோம். டூப்ளிகேட் அஞ்சுலயும் அம்பு. சேவ் பேட்டரி செத்ததுல அம்பு. சின்ன வயசுல ஊதி ஊதிப் பின்னு கறுத்துப் போனதுல அம்பு. (ஊதினா சரியாகும்ங்கறது பொய்ங்க. கழட்டித் திரும்பப் போடறதுலதான் சரியாகும், எச்சில் ஈரம் பின்னைத்தான் அரிக்கும்.) எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் பூரா பதில் இல்ல. அடுத்த நாள் 66,000னு வந்துது. 19,000 போச்சு. அன்னிக்கு எனக்கு அதுல ஒரு சந்தோஷமும் இல்லைங்கறதையும் சொல்லிடறேன், வயித்தெரிச்சல்தான்.

ஞாயித்துக்கிழமை அவரே பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு, எட்டு வயசு இருக்கும். டூப்ளிகேட்டை நான் தனியா எடுத்து வச்சிருந்தேன். "அதையும் கொடுங்க தம்பி, சேவ் ஆகலைன்னா தினமும் முதல்ல இருந்து ஆடட்டும்"னாரு. காசைக் கொடுத்தாரு, அம்மா காப்பி கொடுத்தாங்க. அப்பா மெதுவா, "உங்க வீட்டுல பழைய டியூப் டிவி இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. இருக்குன்னாரு.

வாத்து சுடற துப்பாக்கி எங்க வீட்டுல பத்து வருஷமா வேலை செய்யல. திரையில ஒரு நொடிக்கும் குறைவா வர்ற வெளிச்சத்தை வச்சுத்தான் குறியைக் கண்டுபிடிக்கும், புது டிவியில அந்த வெளிச்சம் லேட்டா வரும். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வந்து அப்பா சட்டை கூடக் கழட்டாம வாத்து சுட்ட துப்பாக்கி அது. அதை அலமாரிக்குப் பின்னாடி இருந்து அவரே எடுத்து, துண்டுல துடைச்சு, அந்தப் பொண்ணு கையில கொடுத்தாரு.

"அம்மிணி, கொஞ்சம் எட்ட நின்னு சுடோணும், என்ன?"

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.