தழும்பும் புள்ளியும்

"இது ராவில் எடுத்தது, சித்தப்பா" என்றான் என் அண்ணன் மகன்.

"ராத்திரியில் எடுத்ததென்று பார்த்தாலே தெரிகிறதே" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. ரா என்றால் இரவு அல்லவாம். பச்சை என்று அர்த்தமாம். காமிராவின் சில்லில் விழுந்த வெளிச்சத்தைச் சமைக்காமல் அப்படியே எடுத்து வைக்கிற கோப்பு அது. நாமெல்லாம் சாதாரணமாக எடுக்கிற ஜேபெக், காமிராவே அரிந்து, தாளித்து, இறக்கி வைத்துவிடுகிற பதார்த்தம்.

எங்கள் முன்னால் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டும் என் அத்தையின் முகம். எதைச் சட்டம் போட்டு மாட்டுவது என்பதுதான் வழக்கு.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறி, மன்னார்குடிப் பக்கத்துத் தென்னைகளை வேப்பங்குச்சி ஒடிக்கிற மாதிரி ஒடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த நாட்களில் மதில்தான் மிஞ்சியிருந்தது. விளக்கு எந்த ஊரிலும் இல்லை. நானும் பையனும் அரிசியும் மெழுகுவத்தியும் குடிதண்ணீருமாகப் போய்ச் சேர்ந்தபோது, ஹரித்ராநதிக் கரையில் இருந்த வீட்டுத் திண்ணையில் அத்தை ஓர் அரிக்கேன் விளக்கை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது. கொல்லையில் விழுந்த மரங்களுக்காக அவள் அழவில்லை. எந்தக் கன்று எந்த வருஷம் வைத்தது என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தாள்.

பையன் அப்போது ஒரு படம் எடுத்தான். அவன் காமிரா ஒரே சொடுக்கில் ரா ஒன்றும் ஜேபெக் ஒன்றுமாகப் பதிந்து கொள்ளும். பின்பக்கத்துச் சின்னத் திரையில் முகத்தைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினான். அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஏண்டா, தழும்பெல்லாம் எங்கே?" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவனும் இப்படித்தான் பண்ணினான்" என்றாள்.

அவன் யார் என்பது குடும்பத்தில் பெரியவர்களுக்குத் தெரியும். அத்தைக்குச் சிறு வயதில் பெரியம்மை போட்டு, முகம் முழுவதும் தழும்பு. 1956-ல், பதினெட்டு வயதில், வரன் பார்ப்பதற்காகத் தாத்தா அவளை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் நெகடிவின் மேலேயே கூர் சீவிய பென்சிலால் வேலை செய்வார்கள். முகத்தில் நிழலாக விழுந்த பள்ளம் நெகடிவில் வெளிறித் தெரியும். அதைப் பென்சில் கரியால் நிரப்பிவிட்டால் அச்சில் கன்னம் வழவழவென்று வந்துவிடும். அத்தையின் கன்னமும் அப்படியே வந்தது. படம் வெளியூர் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக் கொண்டு வந்து, பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்தார்கள். "போட்டோவில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுங்களேன்" என்று அவர்களில் ஒரு கிழவி சொன்னாளாம். அத்தை அதற்குப் பிறகு எந்த ஸ்டூடியோப் படியும் ஏறவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளைக் கட்டிய மாமா போட்டோ கேட்காமல் வந்தவர்.

சரி, காமிரா செய்ததற்கு வருவோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தில் ரவை தூவின மாதிரி புள்ளிகள் விழும். அதற்கு நாய்ஸ், அதாவது இரைச்சல், என்று பெயர். சத்தமில்லாத பொருளுக்கு இரைச்சல் என்று பெயர் வைத்தவன் கொஞ்சம் கவியாக இருந்திருக்க வேண்டும். இது காமிராவின் குறை மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. ஒளியே துளித் துளியாகத்தான் வருகிறது. முற்றத்தில் ஒரே அளவுச் செம்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அடைமழையில் எல்லாம் ஏறக்குறையச் சமமாக நிரம்பும். தூறலில் ஒன்றில் ஏழு துளி, பக்கத்தில் பன்னிரண்டு. சராசரியாகப் பதினாயிரம் துளி விழுகிற இடத்தில் ஏற்றத்தாழ்வு நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்று. நூறே துளி விழுகிற இடத்தில் பத்து, நூற்றுக்குப் பத்து. அரிக்கேன் வெளிச்சம் தூறல்தான்.

காமிரா இதைத் துடைக்கிறது. எப்படி? ஒவ்வொரு புள்ளியையும் அக்கம் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, லேசாக மாறுபடுகிறதைச் சராசரிக்கு இழுத்து விடுகிறது. ஊர்க்காரர்கள் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். தழும்பும் பக்கத்துத் தோலிலிருந்து லேசாக மாறுபடுகிற ஒரு சின்னப் புள்ளிதானே? அது மழையின் கோளாறா, ஒரு பெண்ணின் ஆயுசா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

ஜேபெக் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1992-ல் வந்த அந்த முறைக்கு அடிப்படையான கணக்கைக் கண்டவர் நம் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் அந்த ஆராய்ச்சிக்கு 1972-ல் அவர் பணம் கேட்டபோது, இத்தனை எளிய யோசனைக்கா என்று கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1974-ல் நடராஜன், ராவ் என்ற இருவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக அறுத்து, கண் கவனிக்காததைக் கழித்துவிடும் வித்தை. அது இல்லாவிட்டால் நம் வீட்டுக் கல்யாணப் படங்களை வைக்க இடம் இராது. ஆனால் கழித்தது கழித்ததுதான், திரும்பி வராது. ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 படிகள் வரை வெளிச்சம் பதியுமென்றால் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான்.

அதற்காக ராவை அரிச்சந்திரன் என்றும் சொல்லமாட்டேன். கோடக் கம்பெனியைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் உரிமைப் பத்திரம் பெற்ற ஏற்பாட்டின்படி, பெரும்பாலான காமிராக்களில் ஒவ்வொரு நுண்கண்ணும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. மற்ற இரண்டும் அண்டை அயலைக் கேட்டுப் பின்னால் ஊகிப்பது. எவராவது உட்கார்ந்து பதம் பார்த்து இறக்கினால்தான் ராவும் படமாகும். ஆகவே இதைப் பொய்க்கும் மெய்க்கும் நடக்கிற சண்டை என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. ஸ்டூடியோக்காரர் தழும்பை அழித்தது தாத்தா சொல்லித்தான். அத்தை ஆயுள் முழுதும் திட்டுவதற்கு ஓர் ஆளாவது இருந்தார். திண்ணையில் அழித்ததை யாரும் சொல்லவில்லை, யாரும் செய்யவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஆகிவிட்டது. ராவில் அந்தத் தீர்மானம் ஒரு மனிதனுக்காகக் காத்திருக்கிறது. நம்மிடம் "ஏண்டா?" என்று கேட்கலாம்.

என்னிடமும் கேட்டிருக்கலாம். பல வருஷங்களுக்கு முன் ஒரு கதையில் அத்தையை எழுதினேன். குரல், நடை, வெற்றிலைச் செல்லம் எல்லாம் வந்தன. தழும்பை மட்டும் விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான். அத்தை படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற மாசியில் அத்தை காலமானாள். அத்தானுக்கு ஜேபெக் படம்தான் வேண்டும். "அம்மா அந்தத் தழும்பாலே பட்டது போதும்ப்பா. போன பிறகாவது அவங்க முகத்தை விட்டுடு" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? எங்களுக்கெல்லாம் அந்த முகம்தானே அத்தை என்றேன். உனக்கு முகம், அவங்களுக்கு வலி என்றார். திண்ணையில் அத்தை கேட்டது குறைப்பட்டா, சந்தோஷப்பட்டா என்று இருவரும் பையனைக் கேட்டோம். காமிராவைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன், சித்தப்பா என்றான் அவன்.

கூடத்தில் மாமா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாகிவிட்டது. தலைத் திவசத்துக்குப் போகும்போது இரண்டு படத்துக்குமே சட்டம் போட்டு எடுத்துப் போவதாக இருக்கிறேன்.